பொருட்காட்சியில் விஞ்ஞானச் சங்கம்: அங்கத்துவம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறிவை விற்கலாமா என்னும் வினா மிகப் பழையது. ஊதியம் பெற்றுக் கற்பித்த சோபிஸ்டுகளைச் சோக்கிரதீசரின் மாணாக்கர் பழித்தனர். ஆயின் அச்சோக்கிரதீசர் தாமே தமது பொழுதைச் சந்தையிற் கழித்தவர் என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. நாணயம் மாற்றுவோரின் மேசைகளருகே நின்று உரையாடுவது தமது வழக்கம் என்று அவர் நீதிமன்றத்தில் நினைவூட்டியதாகப் பிளேற்றோ எழுதியுள்ளார். அவர் சந்தையை விட்டு ஒதுங்கவில்லை. அங்கே எதனையும் விற்கவுமில்லை. அவ்வாறு நிற்றல் ஒரு தனிமனிதருக்கு இயன்றது. வாடகை கட்டவும் சஞ்சிகை அச்சிடவும் பணம் வேண்டிய ஓர் அமைப்புக்கு அது இயலுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

விஞ்ஞானச் சங்கங்கள் இன்று அவ்வாறு நிற்க வேண்டியவையாயுள்ளன. ஒரு கைத்தொழிற்றுறையினர் நடத்தும் வர்த்தகப் பொருட்காட்சியில், இயந்திரம் விற்போர், மருந்து விற்போர், கடன் வழங்கும் வங்கியினர் ஆகியோரின் கூடங்களுக்கு நடுவே சங்கமும் ஒரு மேசையைப் பெறுகிறது. மேசைமீது சஞ்சிகையின் பழைய இதழ்கள், வர்ணத் துண்டுப்பிரசுரம், அங்கத்துவ விண்ணப்பப் படிவம் ஆகியன வைக்கப்படுகின்றன. நீருயிர் வளர்ப்புத் துறையில் இவ்வழக்கம் நன்கு வேரூன்றியுள்ளது. 1970 இல் அமெரிக்காவிலே உலகக் கடல்சார் வளர்ப்புச் சங்கம் என்னும் கருத்துடைய பெயரோடு தொடங்கி, 1980 களின் நடுவில் உலக நீருயிர் வளர்ப்புச் சங்கமெனப் பெயர் மாறிய அமைப்பு, ஆய்வு மாநாட்டையும் வர்த்தகப் பொருட்காட்சியையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவது. அங்கத்தவருக்கு மாநாட்டுக் கட்டணம் குறைவு. காலையில் இறாலின் நோய்பற்றி ஆய்வுரை கேட்டவர், தேநீர் வேளையில் இறாலுக்குத் தீனி விற்பவரோடு கைகுலுக்குகிறார். இதிற் பிழை என்ன என்று கேட்போரும் உளர். இதனினும் வேறு பிழை வேண்டுமா என்று கேட்போரும் உளர்.

இவ்வழக்கைக் கொள்கையளவில் நின்று தீர்ப்பதிலும், ஓர் இடத்தில் வைத்து நோக்குதல் நன்று. அதற்கு இலங்கையிற் புத்தளம் மாவட்டக் கரையோரத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம்.

சிலாபத்திலிருந்து வடக்கே முந்தல், உடப்பு, புத்தளம், கற்பிட்டி என நீளும் இக்கரையிற் களப்புகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சிலாபக் களப்பும் முந்தற் களப்பும் புத்தளக் களப்பும் ஒல்லாந்தர் கால்வாய் என வழங்கும் நீர்வழியால் இணைக்கப்பட்டவை. உப்பும் மீனும் தென்னையுமே நெடுங்காலம் இங்குள்ளோரின் வாழ்வாக இருந்தன. 1980 களில் இறால் வளர்ப்பு வந்தது. வர்த்தகத்தில் 'பிளாக் டைகர்' எனப்படும் பெரிய இறாலுக்கு வெளிநாட்டிற் கிடைத்த விலை, கொழும்பு முதலாளிகளையும் ஊர்ச் சிறு விவசாயிகளையும் ஒருங்கே இக்கரைக்கு இழுத்தது. கண்டற்காடுகளும் உவர்நிலங்களும் சதுரஞ் சதுரமாக வெட்டப்பட்டுக் குளங்களாயின. அனுமதி பெற்றவை சில, பெறாதவை பல.

இக்குளங்களின் அமைப்பிலேயே ஓர் அறவியற் சிக்கல் மறைந்துள்ளது. குளத்துக்குரியவர் கால்வாயிலிருந்தோ களப்பிலிருந்தோ நீரை இறைக்கிறார். பயன்படுத்திய நீரை அதே கால்வாய்க்கோ களப்புக்கோ திருப்பி விடுகிறார். அவர் விட்ட நீரை அடுத்த குளத்தார் இறைக்கிறார். கரையில் வரம்பு உண்டு. நீரில் வரம்பு இல்லை. ஒருவருடைய குளத்தில் நிகழ்வது பிறருக்குத் தெரியவேண்டிய செய்தி. ஆயினும் அச்செய்தியை வெளியிடுதல் அவருக்கு நட்டம். தமது இறால் நோயுற்றது என்று சொன்ன மறுகணமே வாங்குவோர் விலையைக் குறைப்பர். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பர். எனவே வாய் மூடியிருந்து, இரவோடிரவாக இறாலை அள்ளி விற்றுவிட்டு, நோயுற்ற நீரைக் கால்வாயில் திறந்துவிடுவதற்கான தூண்டுதல் ஒவ்வொரு குளக்கரையிலும் இருந்தது.

1996 இல் வெண்புள்ளி நோய் இக்கரையை அடைந்தது. 1990 களின் தொடக்கத்திற் கிழக்காசியாவில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய் ஒரு வைரசினால் உண்டாவது. மனிதருக்கு இதனால் தீங்கில்லை. இறாலிலோ, நோய் வெளிப்பட்டபின் சில நாள்களுக்குள், கூடினால் ஒரு வாரம் பத்து நாளுக்குள், குளம் முழுவதும் அழிந்துவிடக்கூடும். நண்டும் காட்டிறாலும் வைரசைச் சுமந்து திரியும். நோயுற்ற குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்து அதனைக் கொண்டுவரும். நீர் அதனை ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்துக்கு எடுத்துச் செல்லும். மருந்து கிடையாது. அன்றுங் கிடையாது, இன்றுங் கிடையாது. செய்யத்தக்கவை நோயற்ற குஞ்சைச் சோதித்து வாங்குதல், குளத்தைக் காயவிட்டுத் தூய்மை செய்தல், நோய் கண்டால் நீரை வெளியே விடாது அடைத்தல், அயலாருக்கு அறிவித்தல் ஆகியவையே. கடைசியிற் சொன்னதற்குப் பணச்செலவு இல்லை. அதனாலேயே அதனை எவரும் விற்பதுமில்லை.

இப்பொழுது, சிலாபத்திலோ புத்தளத்திலோ இறால் வளர்ப்போருக்கான பொருட்காட்சியொன்று நடைபெறுவதாகக் கொள்க. ஒருபுறத்தில் நீரைக் கலக்கிக் காற்றூட்டும் சில்லுகள் தண்ணீர்த் தொட்டியிற் சுழல்கின்றன. மறுபுறத்தில் தீனி மூடைகள். நடுவில், இறாலின் உடல்வலிமையைப் பெருக்கும், நோயை அண்டவிடாது என்று பெரிய எழுத்தில் உறுதி கூறும் போத்தல்கள் அடுக்கப்பட்டுள்ளன. அதற்கடுத்த மேசை விஞ்ஞானச் சங்கத்தினுடையது. மேசையின் பின்னே விலங்கியல் படித்த இளைஞர் ஒருவர் படிவங்களோடு அமர்ந்திருக்கிறார். இரண்டேக்கர்க் குளமொன்றை நம்பி வாழும் முதியவர் ஒருவர் போத்தலொன்றைக் கையில் ஏந்தியவாறு அவரிடம் வருகிறார்.

"தம்பி, நீங்கள் படிச்ச ஆக்கள். இது வெண்புள்ளிக்குக் கேட்குமா?"

இக்கட்டுரையின் முழுப்பொருளும் இவ்வொரு வினாவில் அடங்கும். கேட்காது என்பது விஞ்ஞானம் அறிந்த விடை. ஆயினும் சங்கத்தின் மேசைக்குரிய வாடகையை அப்போத்தல் நிறுவனத்தார் கொடுத்திருக்கலாம்; சங்கத்தின் மாநாட்டுப் பதாகையில் அவர்களுடைய சின்னம் அச்சாகியிருக்கலாம். அவ்வாறாயின் அவ்விளைஞர் என்ன சொல்வார்? பொய் சொல்லமாட்டார். படித்தவர் இவ்விடங்களிற் பொய் சொல்வது அரிது. "ஐயா, அதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், எங்கள் சங்கம் தனிப்பட்ட பொருள்களைப்பற்றி அபிப்பிராயம் சொல்வதில்லை" என்பார். சொல் ஒவ்வொன்றும் உண்மை. அவ்வுண்மைகளைக் கேட்டுக்கொண்டு முதியவர் போத்தலோடு திரும்பிச் செல்வார்.

தூய்மைவாதிகள் இதனைக் கண்டு, அதனாலேதான் சங்கம் அங்கே போகலாகாது என்பர். விஞ்ஞானத்தின் இடம் ஆய்வுகூடமும் நூலகமும் ஆண்டுக் கூட்டமுமே. சந்தைக்குச் சென்றால் சந்தையின் நாற்றம் ஒட்டத்தான் செய்யும் என்பது அவர் வாதம். இதிற் கௌரவம் உண்டு, நியாயம் குறைவு. சங்கம் வாராதுவிட்டால் அம்முதியவர் யாரிடம் கேட்பார்? மருந்து விற்பவரிடமும், தீனி விற்பவரிடமும், கடன் கொடுத்தவரிடமுமே கேட்பார். இலண்டனில் 1660 இல் நிறுவப்பட்ட றோயல் சொசைற்றி, எவர் சொல்லையும் சொன்னவர் பெயருக்காக ஏற்கலாகாது என்னும் கருத்துடைய இலத்தீன் தொடரைத் தன் முத்திரைமொழியாகக் கொண்டது. எல்லோரும் தம் சொல்லையே நம்பச் சொல்லும் பொருட்காட்சி மண்டபத்தினும் அத்தொடர் வேண்டப்படும் இடம் வேறு எது?

வரலாறும் தூய்மைவாதிகளுக்குத் துணைநிற்கவில்லை. 1831 இல் யோர்க் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம், அறிஞர் மண்டபங்களிலிருந்து வெளியேறி ஆண்டுதோறும் ஊர்விட்டு ஊர் செல்வதைத் தன் முறையாகக் கொண்டது. 1839 இற் பேமிங்காமிற் கூடியபோது அந்நகரத்துக் கைத்தொழிற் பொருள்களின் காட்சியும் உடன் நடந்தது. அந்த மரபின் சாயலிலேயே இலங்கையிலும் 1944 இல் விஞ்ஞானச் சங்கமொன்று தோன்றி இன்று இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கமாக விளங்குகிறது. தொழிலாளரையும் தொழிலதிபரையும் சந்திப்பது இம்மரபுக்குப் புறம்பானதன்று. சந்திக்கும்போது எந்த முகத்தோடு சந்திப்பது என்பதே வினா.

நடைமுறைவாதிகளின் விடை வேறு. அங்கத்தவர் பெருகினாற் சந்தா பெருகும். சந்தா பெருகினாற் சஞ்சிகை தவறாது வெளிவரும். எண்ணிக்கை கூடினால் அரசாங்கம் செவிசாய்க்கும் என்பர். இது பொய்யன்று. இலங்கையிற் பல்கலைக்கழகச் சஞ்சிகைகள் பணமின்றி நின்றுபோன கதையை அறியாதவர் யார்? ஆயினும் இவர்கள் வெளியிடும் துண்டுப்பிரசுரத்தைச் சற்று ஊன்றிப் படித்தல் வேண்டும். அங்கத்தவராவதால் உமக்குக் கிடைப்பவை என்று அது தொடங்கும்: மாநாட்டுக் கட்டணத்திற் கழிவு, சஞ்சிகை இலவசம், துறைசார்ந்தோரின் அறிமுகம், பெயருக்குப் பின்னால் இட்டுக்கொள்ளச் சில எழுத்துகள். அப்படிவத்திலிருந்து சங்கத்தின் பெயரை நீக்கிவிட்டு ஒரு காப்புறுதிக் கம்பனியின் பெயரை இட்டாலும் வாசகம் பெரிதும் மாறாது. அங்கத்தவர் பெறுவது என்ன என்று கூறும் அத்தாள், அவர் கொடுக்கவேண்டியது என்ன என்பதைச் சந்தாத் தொகையோடு நிறுத்திக்கொள்கிறது.

பிழை நிகழும் இடம் இதுவே. சங்கம் சந்தைக்குச் சென்றது பிழையன்று. சந்தையின் மொழியிலே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது பிழை. அங்கத்துவம் ஒரு சரக்காயின் வாங்குபவர் விரும்புவதையே அதில் வைக்கவேண்டும். இறாற்பண்ணை முதலாளி விரும்புவது என்ன? தம் பண்ணையைப்பற்றிய இரகசியம் காக்கப்படுதல். மருந்து விற்பவர் விரும்புவது என்ன? தம் போத்தலுக்கு அருகே விஞ்ஞானம் என்னும் சொல் காணப்படுதல். இருவரையும் மகிழ்வித்தால் அங்கத்தவர் பட்டியல் நீளும். பட்டியலைத் தவிர மற்றவையெல்லாம் சுருங்கும்.

1942 இல் அமெரிக்கச் சமூகவியலாளர் றொபேட் மேட்டன் விஞ்ஞானிகளின் ஒழுக்கநெறிகளை வகுத்தபோது, கண்டறிந்தது அனைவருக்கும் பொது என்பதையும் தன்னலச் சார்பின்மையையும் அவற்றுட் சேர்த்தார். விஞ்ஞானிகள் அந்நெறிகளின்படி எப்பொழுதும் வாழ்ந்தனர் என்று கொள்வது பேதைமை. எனினும் அந்நெறிகளை நீக்கிவிட்டால் விஞ்ஞானச் சங்கத்துக்கும் வர்த்தகர் சங்கத்துக்கும் வேறுபாடு காட்டுதல் அரிதாகும். வர்த்தகர் சங்கம் இழிந்ததென்பது இதன் கருத்தன்று. வள்ளுவர் வாணிகத்தின் அறத்தைக் கூறவந்தபோது அதனைப் பொருள் ஈட்டும் அதிகாரத்தில் வைக்காது நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். நீதிபதிக்கு வேண்டிய பண்பே வணிகருக்கும் வேண்டும் என்று அவர் கருதினார்போலும். வணிகரிடமே அதனை எதிர்பார்த்தவர், துலாக்கோலைக் கையில் ஏந்தியதாகச் சொல்லிக்கொள்ளும் விஞ்ஞானச் சங்கத்திடம் எவ்வளவு எதிர்பார்த்திருப்பார்!

பணமின்றிச் சங்கம் நடத்துவது எப்படி என்ற கேள்விக்குக் கேரளம் ஒரு விடை தந்தது. அங்கு 1962 இல் மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதுவோர் சிலரால் தொடங்கப்பட்ட சாஸ்திர சாகித்திய பரிஷத், தன் அங்கத்தவரே வீடு வீடாகச் சென்று நூல் விற்கும் பணத்திற் பெரிதும் தங்கியிருந்தது. அதுவும் விற்பனையே. ஆயின் நூலை வாங்கியவர் பரிஷத்தின் வாயை வாங்கவில்லை. ஆகவே மௌனப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் வந்தபோது அதனை எதிர்த்துப் பேச அதனால் இயன்றது. அப்பள்ளத்தாக்கு 1984 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இறாலைப்பற்றியே இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. புத்தளத்தில் வெண்புள்ளி தோன்றிய அதே 1996 ஆம் ஆண்டு திசெம்பரில், இந்திய உச்ச நீதிமன்றம் கரையோர இறாற்பண்ணைகள்பற்றித் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர் தமிழ்நாட்டுச் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றாடற் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கரையோரங்களைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கையை நீதிபதிகள் பெரிதும் ஆதாரமாகக் கொண்டனர். பாதுகாக்கப்பட்ட கரையோர வலயத்துள் அமைந்த பண்ணைகள், மரபுமுறைப் பண்ணைகள் நீங்கலாக, அகற்றப்படவேண்டும் என்பது தீர்ப்பு. பின்னர் 2005 இல் வந்த சட்டமொன்று அத்தொழிலுக்கு வேறு வழி திறந்துவிட்டது. தீர்ப்பு சரியா, சட்டம் சரியா என்பது வேறு விவாதம். உப்புநீர் ஊறிய வயலைப்பற்றி ஏழைகள் சொன்னதை, பண்ணையாளரிடம் கைநீட்டாத ஒருவர் அளந்து எழுதியபோதே அது வழக்கில் நின்றது என்பதே இங்கு கவனித்தற்குரியது.

மீண்டும் புத்தளத்துக்கு வருதல் வேண்டும். வெண்புள்ளிக்குப் பின் இக்கரையில் நிகழ்ந்தது விஞ்ஞானச் சங்கங்கள் கற்கவேண்டிய பாடம். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீருயிர் வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் இறால் வளர்ப்போரின் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து, இப்பிரதேசத்தை வலயங்களாகப் பிரித்துக் குஞ்சு விடும் காலத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. ஒரு வலயத்தார் நீரை வெளியேற்றும்போது மற்றவர் அதனை இறைத்துக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. இவ்வூர்ச் சங்கங்களை எரங்க கலப்பத்தியும் பிக்ரெட் பேர்க்கசும் ஆராய்ந்து 2014 இல் ஒரு கட்டுரை வெளியிட்டுள்ளனர். பொதுவான நீரைப் பங்கிடுவோர் தாமே விதி வகுத்துத் தாமே கண்காணிக்கும் முறைக்கு இதனை அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். நோய் இதனால் ஒழிந்துவிடவில்லை. விதியை மீறுவோரும் இல்லாமற்போகவில்லை. ஆயினும் இத்தகைய சங்கத்தில் அங்கத்துவம் என்பதன் பொருள் தெளிவானது. குளத்தை ஆயத்தம் செய்ததை அயலார் வந்து பார்க்க இடங்கொடுத்தல், முறைவரும்வரை குஞ்சு விடாதிருத்தல், நோய் கண்டால் மறைக்காதிருத்தல் ஆகியன அதில் அடங்கும். இவற்றுள் எதுவும் வர்ணத் துண்டுப்பிரசுரத்தில் அச்சிடத்தக்க சலுகையன்று. அனைத்தும் கடமைகள். அவற்றை ஏற்பவரே அங்கத்தவர்.

எழுத்து வாசனை குறைந்த ஒரு குளத்துக்காரர், தம் குளத்தில் இறால் கரையோரம் ஒதுங்கி நிற்பதைக் கண்டதும் அயலாரை அழைத்துக் காட்டுகிறார். மேட்டன் வகுத்த நெறியை அவர் கேள்விப்பட்டதில்லை. அதனை நட்டத்தோடு கடைப்பிடிக்கிறார். விஞ்ஞானச் சங்கத்தின் அங்கத்துவ அட்டை இவருக்கு இல்லை. அட்டையுடைய ஆலோசகர் ஒருவர், தமக்கு ஊதியம் தரும் பண்ணையின் நோய்ப் பரிசோதனை முடிவை மேசை இழுப்பறையிற் பூட்டி வைக்கக்கூடும். இவ்விருவருள் விஞ்ஞானச் சமூகத்தைச் சேர்ந்தவர் யார் என்று கேட்டால், சந்தாப் பதிவேட்டைப் பார்த்து விடை சொல்ல முடியாது.

மொழியைப்பற்றியும் ஒரு சொல் கூறாமற் செல்லுதல் தகாது. உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். சிலாபப் பக்கத்திற் சிங்களம் பேசுவோர். இக்கரையின் இறாலைப்பற்றி எழுந்த ஆய்வுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பொருட்காட்சியிற் போத்தல்களின் விளம்பரம் மூன்று மொழியிலும் இருக்கும். விற்பனையாளருக்கு அது தெரியும். சங்கத்தின் படிவம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்குமாயின், சந்தைக்கு வந்தும் சங்கம் வாயிலுக்கு வெளியே நிற்கிறது என்றே கொள்ளவேண்டும். தூய்மைவாதிகள் விரும்பிய தூய்மை அப்பொழுது வேண்டாத வடிவிற் கைகூடிவிடும்!

இவ்வளவு கடுமையாகக் கேட்டால் எவர் சேர்வர் என்பது நடைமுறைவாதிகளின் இறுதி ஆட்சேபம். சிலர் சேரமாட்டார் என்பது உறுதி. மேசை வாடகையைத் தானே கொடுக்கும் சங்கம் அடுத்த ஆண்டு சிறிய மேசையோடு ஒரு மூலையில் இருக்க நேரலாம். போத்தல் விற்பவர் ஏற்பாட்டாளரிடம் முறையிடவுங் கூடும். மறுபக்கத்தில், இக்கரையிலே கடமையைக் கேட்டும் சேர்ந்தோர் உளர் என்பதற்கு அவ்வூர்ச் சங்கங்களே சான்று. அவர்கள் கல்விமான்கள் அல்லர். ஒருமுறை குளம் முழுவதையும் இழந்தவர்கள்.

போத்தலோடு வந்த அம்முதியவருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. மேசைக்குப் பின்னாலிருக்கும் இளைஞர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த கூடத்தாரின் காதிலும் விழத்தக்கதாகவே, "கேட்காது ஐயா; வெண்புள்ளிக்கு மருந்தில்லை" என்று சொல்லலாம். பின்னர் அவரை இருக்கச் செய்து, குஞ்சு எங்கு வாங்கினார், சோதித்தாரா, எந்த வாய்க்காலில் நீர் எடுக்கிறார், அயற்குளத்தார் யார் என்று ஒவ்வொன்றாக வினவி எழுதிக்கொள்ளலாம். படிவத்தை நீட்டுவது அதற்குப் பிறகு நிகழவேண்டியது. அப்படிவத்திற் பெயருக்கும் முகவரிக்கும் கீழே, நோய் கண்டால் எவருக்கு எத்தனை மணி நேரத்துள் அறிவிப்பீர் என்று கேட்கும் வரியொன்று இருத்தல் வேண்டும்.